ஆக்ஸிலில் போட்ட சுழி

பரணிலிருந்து அதை இறக்கும்போது ஸ்டூல் கொஞ்சம் ஆடியது. இரண்டரை அடி நீளமுள்ள எஃகுத் தண்டு. மண்வெட்டிக் காம்பின் பருமன். கிரீஸ் தடவி, அம்மாவின் பழைய நூல்புடவைத் துண்டில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி நானே ஏற்றி வைத்தது. குகட்பள்ளி ஹவுசிங் போர்டு வீட்டுப் பரணில் தீபாவளிப் பாத்திரங்களுக்கும் ஓடாத டேபிள் ஃபேனுக்கும் நடுவில் பதினோரு வருஷமாகக் கிடந்தது. வீட்டுக்கு வெள்ளையடிக்கும் போதெல்லாம் இதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டால் என்ன என்று என் மனைவி கேட்பாள். போடலாம் என்பேன். போட்டதில்லை.

பிரித்துப் பார்த்தேன். பொட்டுத் துரு இல்லை. ஒரு முனையில் பற்கள். இன்னொரு முனை கூம்பாகக் குறுகி மரையில் முடிகிறது. கூம்பு தொடங்குவதற்கு ஒரு விரற்கடை முன்னால், போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு பிள்ளையார் சுழி இருக்கிறது. நான் போட்டது. இரண்டு அரிசியைச் சேர்த்து வைத்த அளவுதான் இருக்கும். செவ்வாய்க்கிழமை அண்ணி போன் செய்து, “ஏனுங்க தம்பி, அந்த ஷாஃப்ட் இன்னும் இருக்குதுங்களா?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். “ஞாயித்துக்கெழம எடுத்துட்டு வாங்க. உங்கண்ணன்கிட்ட நீங்களே சொல்லிருங்க” என்றார். எதைச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பதினோரு வருஷமாக எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்த ஒரு விஷயம் அண்ணிக்கும் தெரியும் என்பது அந்தக் கணத்தில்தான் உறைத்தது. 

அண்ணி கோயம்புத்தூர்ப் பக்கம். கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்காக ஹைதராபாத் வந்து, அதே கம்பெனியில் இருந்த என் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டவர். நாங்கள் மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்காரர்கள். அப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். எங்கள் தமிழில் வேலூர் பாதி, மீதியில் தெலுங்கும் உருதுவும் சரிக்குச் சரி. அண்ணி வந்த புதிதில் நாங்கள் வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’, ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’, ஏன் என்பதற்கு ‘கைக்கு’ என்றால் விழிப்பார். அவர் ‘வரோணும், போகோணும்’ என்றால் அம்மா சிரிப்பாள். மெதுவாகப் பேசுவார். அதட்டிப் பேசி நான் கேட்டதே இல்லை. அப்படிப்பட்டவர் கல்யாணமான இரண்டாம் வருஷம், இறந்துபோன தன் அப்பாவின் காரை லாரியில் ஏற்றி எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார்.

கூரையில்லாத, இரண்டே இருக்கை கொண்ட பச்சைக் கார். வெளிநாட்டில் செய்தது, எங்கள் எல்லாரையும்விட வயதில் மூத்தது. அவர் அப்பா அந்தக் காலத்தில் பந்தயங்களில் ஓட்டியிருக்கிறார். அம்மா கோலம் போடுகிற இடத்தைச் சரியாகப் பார்த்து அது நின்றுகொண்டது. கோலத்தை எங்கே போடுவது, இதன் தலையிலா என்று அம்மா ஒரு வாரம் முணுமுணுத்தாள். அண்ணி காரை ஒன்றரை அடி பின்னால் தள்ளி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார். அலங்காரத்துக்கு நிறுத்தத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். பழைய கார்களுக்கென்று தனியாகப் பந்தயம் நடக்கிறது, அதில் நான் ஓட்டப்போகிறேன் என்று ஒரு நாள் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னார். அண்ணன் தட்டில் பிசைந்த சாதத்தை அப்படியே வைத்துவிட்டான்.

என் அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராட்டினத்தில் ஏறியவர்களைக் கீழே நின்று பார்த்தாலே அவனுக்குத் தலை சுற்றும். மனைவியிடம் வேண்டாம் என்று சொல்கிற ரகமும் இல்லை. மூன்று நாள் மண்டையைக் குடைந்துகொண்டு கடைசியில் என்னிடம் வந்தான். நான் பாலாநகரில் ஒரு மெஷின் ஷாப்பில் சோதனைப் பிரிவில் இருந்தேன். இரும்புச் சாமான்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. “அந்த வண்டியில எது மாத்தினாலும் நீ பாக்கணும். நீ ஓகேன்னு சொன்னா அவ ஓட்டட்டும். நீ சொல்லலைன்னா நக்கோ. அவ்ளோதான்டா” என்றான். அண்ணிக்கும் சம்மதம். இப்படித்தான் ஒரு மனுஷியின் உயிர் என் வாயிலிருந்து வருகிற ஒரு சொல்லில் வந்து தொங்கியது. நானோ கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று பார்க்கப் பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வருகிறவன்.

பழைய காரைப் பந்தயத்துக்குப் பலப்படுத்துவது என்பது வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பது போல எஞ்சினோடு முடிகிற வேலை இல்லை. எஞ்சினுக்குக் கொஞ்சம் தெம்பு கூட்டினால் அந்தத் தெம்பைத் தாங்க கனெக்டிங் ராடு வேண்டும். அது தாங்கினால் கிராங்க், பிறகு கியர், பிறகு பின்சக்கரத்தைச் சுற்றுகிற ஆக்ஸில் ஷாஃப்ட் என்று சுமை வரிசையாக அடுத்ததன் தலையில் போய் விழும். இதில் நல்ல டயர் போட்டால் இன்னும் ஆபத்து. டயர் வழுக்கினால் ஷாஃப்ட் பிழைத்துக்கொள்ளும். டயர் தரையைப் பிடித்துக்கொண்டால் மொத்த முறுக்கும் ஷாஃப்டுக்குத்தான். அந்தக் காரைச் செய்தவர்கள் இப்போதைய டயரைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி, பார்த்து, பலப்படுத்தி மாட்ட எங்களுக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி பழைய சுடிதாரில் முற்றத்தில் உட்கார்ந்து கனெக்டிங் ராடுகளைத் தேய்ப்பார். அச்சில் அடித்துச் செய்தபோது வந்த பிசிறு விளிம்பை அரத்தால் எடுத்துவிட்டு, நைசான எமரித்தாளால் நீளவாக்கில் தேய்க்க வேண்டும். குறுக்கே ஒரு கீறல் விழுந்தாலும் விரிசல் பிற்பாடு அங்கேதான் பிறக்கும். இதை நான் சொல்லித் தரவில்லை, அவருக்கே தெரிந்திருந்தது. நான்கு ராடையும் தேய்த்து முடித்தபோது அவற்றில் முகம் பார்க்கலாம் போல இருந்தது. பிறகு நான் அவற்றை ஷாப்புக்கு எடுத்துப்போய்ப் பொடி எஃகுக் குண்டுகளை வேகமாக வீசி அடித்துக் கொண்டுவருவேன். அப்படி அடித்தால் உலோகத்தின் மேல்தோல் இறுகிப்போகும், விரிசல் எளிதில் வாய் திறக்காது. பளபளப்பு போய் உலோகம் மங்கலாகிவிடும். “இத்தன தேச்சு, கடைசில இப்புடி அம்மை போட்ட மாதிரி ஆக்கிட்டீங்களே தம்பி” என்பார். அவர் கேலியும் மெதுவாகத்தான் இருக்கும்.

அவர் ஊரில் பந்தயம் நடக்கும் நாட்களில் நான் செகந்திராபாத் வீட்டுக்கு வந்துவிடுவேன். அண்ணன் போகமாட்டான், நானும் போகமாட்டேன். இரண்டு பேரும் டிவியை ஓடவிட்டு, அதைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அண்ணன் கால் மணிக்கு ஒருதரம், “நீ பாத்தியில்லடா?” என்பான். “ஹவ்ணா, ரெண்டு தடவ பாத்தேன்” என்பேன். உண்மையில் மூன்று தடவை பார்த்திருப்பேன். அதைச் சொன்னால் ஏன் மூன்று தடவை, முதல் தடவையில் சந்தேகமா என்று கேட்பான். அண்ணியிடமிருந்து ‘முடிஞ்சுதுங்க’ என்று ஒரு சொல் வரும். மூன்றாவதாக வந்தாரா பத்தாவதாக வந்தாரா என்று எங்களுக்குக் கேட்கக்கூடத் தோன்றாது. அம்மா இரண்டு பேருக்கும் காபி கொண்டுவருவாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், கடைசித் தடவை மாற்றியது ஆக்ஸில் ஷாஃப்ட். பழையது லேசாக முறுக்கிக்கொண்டிருந்தது, பற்கள் நேராக இல்லாமல் சாய்ந்திருந்தன. அந்தக் காரில் பின்சக்கரத்தைத் தாங்க வேறு எதுவும் கிடையாது; ஷாஃப்டின் கூம்பு முனையில்தான் சக்கரமே உட்கார்ந்திருக்கும். ஷாஃப்ட் அங்கே உடைந்தால் வண்டி நின்றுபோகும் என்பதில்லை, சக்கரம் பிரேக் டிரம்மோடு கழன்று தன் வழியே போய்விடும். வளைவில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன், நினைக்க வேண்டாம் என்று நினைத்தும் பார்த்திருக்கிறேன். நல்ல உறுதியான எஃகில் புதிதாக இரண்டு செய்தோம். தேய்த்தோம், குண்டு அடித்தோம், சோதித்தேன். குறை ஒன்றும் இல்லை. மனம் மட்டும் அடங்கவில்லை.

எங்கள் வீட்டில் எதற்கும் சுழி போடாமல் காரியம் தொடங்காது. மளிகைச் சீட்டுக்கு, கேஸ் புத்தகத்துக்கு, பால்காரர் காலண்டருக்கு. புது பிரஷர் குக்கர் வாங்கினால் அதன் அடியில் அம்மா ஆணியால் சுழி கீறிவிடுவாள். நானும் அண்ணியின் காருக்குள் போன ஒவ்வொரு சாமானிலும், பெயர் பொறிக்கிற எலக்ட்ரிக் பேனாவால் ஓர் ஓரத்தில் சுழி போட்டு வந்தேன். யாருக்கும் சொன்னதில்லை. என்ஜினியரிங் படித்தவன் இப்படிச் செய்கிறான் என்று தெரிந்தால் ஷாப்பில் மானம் போகும். மற்ற சாமான்களில் போட்டதெல்லாம் சுமை வராத ஓரங்கள். ஷாஃப்டில் இடம் தேடினேன். கூம்பு முனையில் மரை இருந்தது, பற்களில் பேனா நிற்காது. கூம்புக்குச் சற்று முன்னால் வாகாக ஓர் இடம் இருந்தது. சக்கரத்துக்குப் பக்கத்திலேயே பிள்ளையார் இருந்தால் நல்லது என்றும் பட்டது. சோதனையெல்லாம் முடிந்த பிறகு, இடது ஷாஃப்டில் மட்டும் போட்டேன். வலதில் போடுவதற்குள் மேனேஜர் வந்துவிட்டார்.

கார் கோவைக்குப் போயிற்று. அந்த முறை அண்ணனும் கூடப் போனான். பத்து வருஷக் கல்யாணத்தில் ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லையே என்று அண்ணி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். அதற்காகப் பயத்தை விழுங்கிக்கொண்டு கிளம்பினான். சனிக்கிழமை பயிற்சி ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை பந்தயம். சனிக்கிழமை நான் ஷாப்பில் இருந்தேன். பதினொரு மணி வாக்கில் ஒரு கல் குவாரியிலிருந்து உடைந்த ஷாஃப்ட் ஒன்று வந்தது, ஏன் உடைந்தது என்று சொல்ல வேண்டும். உடைந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தேன். குளத்தில் கல் விழுந்த மாதிரி வளையம் வளையமாக விரிசல் வளர்ந்திருந்தது. வளையங்கள் எங்கே தொடங்குகின்றன என்று தேடிப்போனால், குவாரிக்காரர்கள் அடையாளத்துக்காக உளியால் குத்தியிருந்த ஒரு நம்பரின் காலடியில் போய் நின்றது.

இது எனக்குத் தெரியாததில்லை. ‘சுமை வரும் இடத்தில் எழுதாதே, குத்தாதே’ என்று எங்கள் ஷாப் சுவரில் தெலுங்கிலும் ஹிந்தியிலும் எழுதி ஒட்டியவனே நான்தான். தெரிந்தவன்தான் செய்திருக்கிறேன். சுழியை ஒரு நாளும் நான் எழுத்தாக, கீறலாக நினைத்ததில்லை. அதனால் அந்த விதி அதற்குப் பொருந்தும் என்று தோன்றவே இல்லை. குவாரி ஷாஃப்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் அது புரிந்தது. கூம்புக்கு முன்னால், சக்கரத்துக்குப் பக்கத்தில், முறுக்கும் வளைவும் சேர்ந்து அதிகபட்சமாக விழுகிற அதே இடத்தில், குண்டு அடித்து இறுக்கிய தோலை நானே கீறிவிட்டு வந்திருக்கிறேன்.

உடனே போன் செய்தேன் என்று எழுத ஆசைதான். செய்யவில்லை. ஒன்றேகால் மணி நேரம் சும்மா இருந்தேன். இரண்டு டீ குடித்தேன். பேனாவின் கீறல் ஒரு தலைமயிர் ஆழம்தான் இருக்கும், இறுகிய தோல் அதைவிடத் தடிமன், ஒன்றும் ஆகாது என்று காகிதத்தில் கணக்குப் போட்டேன். கணக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் சொன்னது. போனை எடுத்தேன், வைத்தேன். சொன்னால் அண்ணனுக்குத் தெரியும். தெரிந்தால் அதோடு அண்ணியின் பந்தயம் முடிந்தது. அவர் இத்தனை வருஷமாக முற்றத்தில் குனிந்து தேய்த்ததெல்லாம் ஒரு கிறுக்கலால் வீணாகும். இதெல்லாம் பிறகு வந்த காரணங்கள். முதலில் வந்தது, சோதனை பார்க்கிறவன் சுழி போட்டான் என்று ஊர் சிரிக்குமே என்கிற கூச்சம். அந்த ஒன்றேகால் மணி நேரம் அண்ணி அந்தச் சக்கரத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பன்னிரண்டேகாலுக்கு அண்ணியின் போனுக்கு அடித்தேன். அணைத்து வைத்திருந்தார். அண்ணனுக்கு அடித்தேன். பின்னால் எஞ்சின்களின் இரைச்சல். “அண்ணா, வண்டிய நிறுத்து. இடது சக்கரம்” என்று மட்டும்தான் சொன்னேன். ஏன், எதற்கு என்று அவன் கேட்கவே இல்லை. போனைக் கையில் பிடித்தபடியே ஓடியிருக்கிறான். மூச்சிரைப்பும் செருப்புச் சத்தமும் கேட்டன. வீட்டு மாடிப்படி ஏறினாலே நடுவில் நிற்கிறவன். யாரிடமோ ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் கத்தினான். பிறகு ஒவ்வொரு காராகக் கடந்துபோகிற சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. எது அண்ணியுடையது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஷாப்பில் என் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டே முருகா முருகா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து லேத்துக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

கடைசியில் அண்ணியின் குரல் வந்தது. ஹெல்மெட் கழற்றிய மூச்சு. நடந்ததைச் சொன்னேன், சுழி உட்பட. குறுக்கே பேசாமல் கேட்டார். “கூம்புக்கு எவ்வளவு முன்னாலீங்க?” என்றார். ஒரு விரற்கடை என்றேன்.  பிறகு, “சரீங்க தம்பி. சொல்லிட்டீங்களே, அது போதும்” என்றார். அண்ணனிடம் ஷாஃப்டில் சந்தேகம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார், சுழியைச் சொல்லவில்லை. மறுநாள் பந்தயத்தில் அவர் இல்லை. மாற்றுவதற்கு வேறு ஷாஃப்ட் இல்லை.

அடுத்த வாரம் அந்த ஷாஃப்டை அண்ணன் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் ஷாப்புக்கு வந்தான். கூட அண்ணியும் வந்தார். விரிசல் விழுந்திருக்கிறதா என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றான். சோதனை அறை ஓர் ஆள் நிற்கிற இருட்டு அறை. அன்று மூன்று பேர் நெருக்கிக்கொண்டு நின்றோம். ஷாஃப்டுக்குக் காந்தம் ஏற்றி, இரும்புப் பொடி கலந்த திரவத்தை ஊற்றினேன். ஊதா விளக்கைப் போட்டேன். விரிசல் இருந்தால் பொடி அங்கே சேர்ந்து பச்சையாக ஒளிரும். ஆனால் விரிசல் என்றில்லை, எந்தப் பள்ளத்தில் தேங்கினாலும் ஒளிரும். இருட்டில் என் சுழி முழுசாக, வளைவும் வாலுமாக, பச்சையாக எழுந்து நின்றது.

அண்ணன் கை நீட்டினான். அதைத் தொடவில்லை, விரல்கள் விளக்கு வெளிச்சத்தில் நடுங்கிக்கொண்டே நின்றன. “இதுதான் கிராக்காடா?” என்றான்.

“ஹவ்ணா” என்றேன்.

அண்ணி என்னைப் பார்த்தார். ஊதா வெளிச்சத்தில் அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. சுவரைத் தடவி டியூப்லைட்டைப் போட்டார். “பாத்தாச்சுங்க, போலாம்” என்று அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். அவர்கள் போன பிறகு ஷாஃப்டை நன்றாகக் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, மறுபடி சோதித்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சுழியின் இரண்டு முனைகளிலும் அதைத் தாண்டி ஒரு கோடு, ஒரு மயிரிழை வெளியே போகவில்லை. விரிசல் இல்லை. நான் போட்ட கீறல் மட்டும்தான் இருந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே பல கதை சொல்லியிருக்கிறேன். அண்ணன் பதற்றத்தில் இருந்தான், விளக்க நேரமில்லை, இப்படி. உண்மை அதில்லை. விரிசல் இல்லை என்று சொல்லியிருந்தால் புது ஷாஃப்ட் செய்வோம், அண்ணி மறுபடி ஓட்டுவார், அண்ணன் மறுபடி என்னைக் கேட்பான், நான் மறுபடி ஓகே சொல்ல வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. அவர் இனிமேல் ஓட்டக்கூடாது என்று இருந்தது. அதைச் சொல்லத் தைரியம் இல்லாமல் ஷாஃப்டின் மேல் பழியைப் போட்டேன்.

இரண்டு மாதத்தில் அண்ணி காரைப் பூனாவில் ஒருவருக்கு விற்றுவிட்டார். சண்டை இல்லை, அழுகை இல்லை. லாரி வந்த அன்று அம்மாதான் வாசலில் நின்று, அது நின்ற இடத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் அந்த இடத்தில் பெரிய கோலமாகப் போட்டாள். அண்ணி ஆபீஸுக்குப் போனார், வந்தார். விசேஷங்களில் பார்க்கும்போது எப்போதும் போலப் பேசுவார். மழைநாளில் என்னைத் தன் சின்னக் காரில் குகட்பள்ளி வரை கொண்டுவந்து விடுவார். கை சும்மா கியரின் மேல் கிடக்கும், ஆட்டோக்கள் எங்களை முந்திக்கொண்டு போகும். முற்றத்து அலமாரியில் அவருடைய எமரித்தாள்கள் சுருண்டு கிடந்தன. ஒரு தடவைகூட அந்த ஷாஃப்டைப் பற்றி அவர் என்னிடம் கேட்கவில்லை. அதை மறந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

அதே செவ்வாய்க்கிழமை போனில் மீதியையும் அண்ணியே சொன்னார். பூனாக்காரர் காரை விற்கிறார், அண்ணி அதைத் திரும்ப வாங்கிவிட்டார், அடுத்த மாதம் லாரி வருகிறது. அண்ணன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, அன்றைக்குக் கண்ணால் பார்த்தேனே என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். “பள்ளத்துல பொடி தேங்குனா மினுங்கும்னு எனக்குத் தெரியாதுங்களா தம்பி? எங்கப்பா வண்டியிலயே எத்தன பாத்திருக்கறேன்” என்றார். பிறகு ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். “அவரு கை நடுங்குச்சுங்க. அதுக்கு மேல எனக்கு ஓட்டத் தோணல. நீங்க சொன்ன பொய்யால நிறுத்துலீங்க, அந்தக் கையப் பாத்து நிறுத்துனேன்” என்றார். பிறகு, “இப்ப எனக்கு நாப்பத்தொம்பது ஆச்சுங்க தம்பி. அவரு பயப்படட்டும், வேண்டாங்கல. ஆனா இருக்கறதுக்குப் பயப்படட்டும். இல்லாத விரிசலுக்குப் பயந்துட்டு இருக்க வேண்டாம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷாஃப்டைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். மெட்ரோவில் போனால் ஸ்கேனரில் இது என்னவென்று கேட்பார்களே, என்ன சொல்வது என்று பயந்து பஸ் ஏறினேன். வழியெல்லாம் மடியில் அது கனத்தது. அண்ணனிடம் எப்படித் தொடங்குவது என்று நான்கு விதமாக ஒத்திகை பார்த்தேன். நான்கும் என்னைக் காப்பாற்றுகிற மாதிரியே வந்தன. வாசலில் கார் நின்ற இடத்தில் இப்போது செம்பருத்தித் தொட்டிகள். அவற்றை யாரோ ஏற்கெனவே சுவரோரமாக நகர்த்தி வைத்திருந்தார்கள்.

அண்ணன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். முடி முழுக்க நரைத்துவிட்டது. டீப்பாயின் மேல் புடவைத் துண்டைப் பிரித்து ஷாஃப்டை வைத்தேன். ஒத்திகை பார்த்த ஒன்றும் வரவில்லை. “அண்ணா, இதுல அன்னிக்கும் கிராக் இல்ல, இன்னிக்கும் இல்ல. அது நான் போட்ட சுழிதான். தெரிஞ்சேதான் உன்கிட்ட கிராக்னு சொன்னேன்” என்றேன்.

அவன் ஷாஃப்டை எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தான். கட்டைவிரலால் சுழியைத் தடவினான். திட்டப்போகிறான், அடித்தாலும் அடிப்பான் என்று நினைத்தேன். “கைக்குடா அப்படிச் சொன்னே?” என்றான், குரலை உயர்த்தாமல்.

“பயம்ணா.”

ரொம்ப நேரம் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு, “எனக்கும்தான்டா. அன்னிக்கு நீ கிராக் இல்லன்னு சொல்லிடுவியோன்னு பயந்துக்கினு இருந்தேன்” என்றான்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டு பயந்தாங்கொள்ளிகளுமாகச் சேர்ந்து ஒருத்தியின் பதினோரு வருஷத்தை அந்த இருட்டு அறையில் மூடி வைத்திருக்கிறோம். சமையலறை வாசலில் அண்ணி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. கையில் வெர்னியர் அளவுகோல். வந்து அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையிலிருந்து ஷாஃப்டை மெல்ல வாங்கிக்கொண்டார்.

“புதுசா ஒண்ணு செய்யோணுங்க தம்பி. நான் அளவு சொல்றேன், எழுதிக்கங்க” என்றார். பிறகு என் பக்கம் பார்க்காமலே, “சுழிய மட்டும் பேப்பர்ல போட்டுக்கங்க” என்றார்.

அண்ணன் எழுந்து தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். “நீ பாப்பியில்லடா?” என்றான். பாக்கறேண்ணா என்றேன். தாளின் தலையில் சுழி போட்டேன், வால் கோணிக்கொண்டது. அதன் கீழே, அண்ணி சொல்லச் சொல்ல, முதல் அளவை எழுதினேன்.